மோரிஸ் மைனரில் காணாமற்போன ஹீட்டர்: மாற்றாக எதைப் பொருத்தலாம்?

கேள்வி: அணைக்கரை வாசி (கிருஷ்ணகிரி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1958ஆம் ஆண்டைச் சேர்ந்த மோரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது; 948 சிசி எஞ்சின், நான்கு கதவு. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் ஓடிய வண்டி என்பதால் அந்நாளில் ஹீட்டர் பொருத்தியே வைத்திருந்தார்கள் என்று எண்ணுகிறேன். என் கைக்கு வந்தபோது அதன் தடயங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. எஞ்சின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகட்டில் இரண்டு துளைகள், அவற்றில் காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்கள், அவற்றின் மேல் எம்சீல் பூசி ஒட்டிய தகரத் துண்டு. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் பின்னால் இரண்டு ஒயர்கள் நறுக்கப்பட்டுத் தொங்குகின்றன. முன்கண்ணாடியின் அடியில் காற்று வரும் நீள்துளைகளும் அவற்றின் கீழ்க் குழல்முனைகளும் அப்படியே உள்ளன. ஆனால் அவற்றை ஹீட்டரோடு இணைக்கும் குழல்கள் இல்லை. எஞ்சின் ஹெட்டின் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) பின்கோடியில், ஹீட்டருக்குப் போகும் வெந்நீரைத் திறந்து மூடும் டேப்பின் மூக்கில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் உறைபனிக்காகக் கேட்கவில்லை. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் ஓசூர் வழியாகத் தளிக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போகும்போது, சூளகிரியைத் தாண்டியதும் முன்கண்ணாடியின் உட்பக்கம் முழுவதும் மங்கிவிடுகிறது. பின்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தால் துடைத்த இடம் துடைத்த வேகத்திலேயே மீண்டும் மூடிக்கொள்கிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு அந்த ஈரத்தில் பட்டுச் சிதறும்போது சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. ஏற்காட்டுக்கும் உதகைக்கும் இந்த வண்டியிலேயே போக வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

இந்த வண்டிக்கென்று வந்த அசல் ஸ்மித்ஸ் நிறுவன ஹீட்டரையே தேடுவதா, மாருதி 800இன் ஹீட்டரைத் தழுவிப் பொருத்திக்கொள்வதா, இணையத்தில் விற்கும் 12 வோல்ட் மின்சார ஹீட்டர் போதுமா என்பதில் தெளிவு வேண்டும். புதிதாக ஒரு நீர்ச்சுற்றைச் சேர்ப்பதால் சித்திரை வெயிலில் எஞ்சின் சூடேறும் ஆபத்து உண்டா என்பதையும் விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பாகலூர் பயணி (ஓசூர்)

ஐயா, நான் ஹீட்டருக்கு எதிரி அல்லன். ஆனால் அதற்குச் செலவு செய்யும் முன் வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். இருவரின் மூச்சு மட்டுமே இவ்வளவு விரைவில் கண்ணாடியை மூடாது. மைனர் போன்ற பழைய வண்டிகளில் முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் மழைநீர் கசிந்து, தரைவிரிப்பின் அடியிலுள்ள சணல் மெத்தையில் தேங்கிக்கொள்ளும். மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருப்பதாகவே தோன்றும். விரிப்பை முழுவதும் உரித்து எடுத்து, அடியிலுள்ள தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ துருவோ தென்பட்டால் முதலில் கசிவை அடைத்து, மெத்தையை நாள் முழுவதும் வெயிலில் போட்டு உலர்த்துங்கள். அந்த மெத்தை நனைந்திருக்கும் வரை எந்த ஹீட்டர் போட்டாலும் அது நீரை ஆவியாக்கிக் கண்ணாடியின் மேலேயே கொண்டுபோய் ஒட்டும்.

இன்னொன்று, கண்ணாடியின் உட்புறத்தை டேஷ்போர்டு பாலிஷின் எண்ணெய்ப் படலம் இல்லாமல் துடைத்து வையுங்கள். அழுக்குப் படிந்த கண்ணாடி சீக்கிரம் மங்கும். முன்கதவுகளிலுள்ள முக்கோணக் கண்ணாடிகளில் ஒன்றைப் பின்னோக்கிச் சற்றே திறந்து வைத்தால் உள்ளிருக்கும் காற்றை அது வெளியே இழுத்துவிடும். நான் பல ஆண்டுகளாக இதே சாலையில் இப்படித்தான் ஓட்டுகிறேன். குளிருக்குச் சால்வை இருக்கிறது.

பதில்: தகடூர் லேத் (தருமபுரி)

பாகலூர் நண்பர் சொன்ன தரைவிரிப்பு விஷயம் உண்மை. அதை முதலில் செய்யுங்கள். ஆனால் சால்வை கண்ணாடியைத் துடைக்காது. உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

ஹீட்டர் என்றவுடன் எல்லோரும் பெட்டியைத்தான் தேடுகிறார்கள். பெட்டி கடைசியில் வாங்க வேண்டிய பொருள். ஹீட்டர் என்பது எஞ்சின் வெந்நீரில் ஒரு பங்கைக் கேபினுக்குள் திருப்பிவிடும் கிளைவழி மட்டுமே. அந்த நீர் போதிய சூட்டில் இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து அசல் ஸ்மித்ஸையே வரவழைத்து மாட்டினாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். ஆகவே முதல் கேள்வி: உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது நீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு, இருக்கிறதா?

இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய வண்டி எதைத் திறந்தாலும் அது இருக்காது. ஒருமுறை எஞ்சின் சூடேறியிருக்கும். காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வால்வு இல்லாத எஞ்சினில் ஹெட்டிலிருந்து வரும் நீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கே ஓடும். தை மாதத்து விடியலில், அதுவும் ஓசூர் உயரத்தில், நீர் வேண்டிய சூட்டை எட்டவே எட்டாது. எஞ்சின் குளிர்ந்தே ஓடுவதால் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், எஞ்சின் ஆயிலில் ஈரமும் சேரும். மைனரில் வெப்பம் காட்டும் மீட்டர் கிடையாது என்பதால் பல உரிமையாளர்களுக்கு இது தெரிவதே இல்லை.

சோதிப்பது எளிது. குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். வால்வு இருந்தால் முதலில் சில நிமிடங்கள் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். பிறகு திடீரெனக் கை வைக்க முடியாத சூடு வரும். வால்வு இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறும். ஐயம் இருந்தால் ஹெட்டின் முன்பக்கத்தில் மேல் ஹோஸ் வந்து சேரும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், மூன்று நட்டுகள்தாம். வண்டியைத் தயாரித்த பிஎம்சி நிறுவனம் இந்த எஞ்சின்களுக்கு 74, 82, 88 பாகைகளில் திறக்கும் வால்வுகளைக் கொடுத்தது. நமக்கு 82 போதும். உங்கள் ஏ வரிசை எஞ்சினுக்கும் அம்பாசடரின் பி வரிசை பெட்ரோல் எஞ்சினுக்கும் வால்வு அளவு ஒன்றேதான் என்பதால் அம்பாசடர் உதிரிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழையதைக் கொண்டுபோய், இல்லையென்றால் பள்ளத்தின் விட்டத்தை அளந்துகொண்டு போய், ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும் முன் ஒரு நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, அடுப்பில் சூடேற்றி, சமையல் வெப்பமானியோடு எந்தப் பாகையில் வாய் திறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். புதிய வால்விலும் திறக்காதவை உண்டு.

இரண்டாவது, ஹெட்டின் பின்கோடியிலுள்ள டேப். ஏ வரிசை எஞ்சினில் நீர்ச்சேறு கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் தங்கும். உங்கள் டேப் இருப்பதும் அதே கோடியில்தான். நெடுங்காலம் மூடிக் கிடந்த டேப்பின் வாய் சுண்ணாம்பாலும் துருவாலும் அடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். கழற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். இரண்டு ஸ்டட்களுக்கும் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் எஞ்சினை வெதுவெதுப்பாக்கிய பின் நட்டை அரைக்கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுங்கள். ஸ்டட் ஒடிந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும். அந்த இடத்தில் துளைப்பானை நேராகப் பிடிக்க இடம் போதாது, பெரும்பாலும் ஹெட்டையே கழற்ற நேரும்.

டேப் வெளியே வந்ததும் மேல் ஹோஸையும் எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பின்கோடியிலிருந்து உள்ளே பாய்ச்சிக் கழுவுங்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகுழாயையும் திறந்து வையுங்கள். அங்கிருந்து எதுவுமே வரவில்லை என்றால் அதற்குள் சேறு இறுகிவிட்டது என்று பொருள். ஒரு கம்பியால் குத்தி விட்டதும் முதலில் தேநீர் நிறத்தில் ஒழுகும், பிறகு செதில் செதிலாக வரும். நீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள்.

நம் இரு மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே புளூரைடு என்று எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ரேடியேட்டரைக் கெடுப்பது புளூரைடு அன்று, அதே நீரிலுள்ள சுண்ணாம்புக் கடினத்தன்மை. ஹீட்டர் காயிலின், அதாவது பெட்டிக்குள் வெந்நீர் ஓடும் தொகுதியின், குழல்கள் ரேடியேட்டர் குழல்களைப் போலவே மிக ஒடுங்கியவை. அதில் பாயும் நீரோ மிகக் குறைவு. ஆழ்துளை நீரை ஊற்றி ஓட்டினால் முதலில் அடைபடுவது ஹீட்டர் காயில்தான். பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். உறைவதைத் தடுக்க அன்று, துருவையும் படிவையும் தடுக்க.

சூடேறும் அச்சத்துக்கு வருகிறேன். ஹீட்டர் சேர்ப்பதால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகாது. டேப்பை மூடினால் அந்தக் கிளைவழியே இல்லை. திறந்தால் அது இரண்டாவது சிறு ரேடியேட்டர். தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது எஞ்சின் திணறினால் ஹீட்டரை முழுதும் திறந்து, விசிறியைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஏறும் பழைய டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் வெந்துபோவார், எஞ்சின் பிழைக்கும்.

பதில்: கூடைச் சக்கரம் (சென்னை)

பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் லேத் நண்பர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

மைனருக்கு வந்த ஸ்மித்ஸ் ஹீட்டர்களில் இரண்டு வகை உண்டு. பழைய வகை வட்டமானது; கேபினுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துச் சூடாக்கி மீண்டும் கேபினுக்குள்ளேயே விடும். 1960களில் வந்த பிந்திய வகை முன்பக்கத்திலிருந்து ஒரு குழல் வழியாக வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கும். உங்கள் வண்டியின் காலத்தை வைத்துப் பார்த்தால் அதில் இருந்தது வட்ட வகையாகவே இருக்க வேண்டும். அசலாக வேண்டும் என்றால் அதைத்தான் தேட வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையிலும் பெங்களூர் ஜே.சி. சாலையிலும் பழைய பிரிட்டிஷ் வண்டி உதிரிகளை அறிந்த ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மைனருக்கென்றே உதிரி விற்பவர்களிடம் பழுதுபார்த்த ஹீட்டர்களும் புதிய டேப்பும் ரப்பர் வளையங்களும் கிடைக்கின்றன. விலையோடு அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாங்கும்போது மின்விசிறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், காயிலைப் பாருங்கள். செம்பும் பித்தளையுமான காயில் ஒழுகினாலும் நல்ல ரேடியேட்டர் கடையில் புதிதாகக் கட்டித் தருவார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் தேவை கண்ணாடியைத் தெளியவைப்பது என்றால் வட்ட வகை அந்த வேலைக்கு அவ்வளவு சிறந்ததன்று. கேபின் காற்றில் ஏற்கெனவே எல்லோருடைய மூச்சு ஈரமும் இருக்கிறது. அதையே சுற்றிச் சுற்றிச் சூடாக்கினால் கண்ணாடி சூடேறித் தெளியும், ஆனால் ஈரம் வண்டியை விட்டு வெளியேறாது. வெளிக்காற்றைச் சூடாக்கும்போது கணக்கே வேறு. 15 பாகையில் பனி மூடிய விடியற்காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவியைத் தாங்கி நிற்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதன் தாங்கும் திறன் சுமார் 51 கிராம். உள்ளே இருப்பதோ அதே 13 கிராம். அதாவது நூறு விழுக்காடு ஈரமாயிருந்த காற்று கால் பங்கு ஈரமுள்ள காற்றாகிவிடுகிறது; அது கண்ணாடியிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு, முன்னவர் சொன்ன முக்கோணக் கண்ணாடி வழியாக வெளியேறும். ஆகவே அதைத் திறந்து வைக்கும் பழக்கத்தை ஹீட்டர் வந்த பின்னும் விடாதீர்கள்.

அசல்தன்மையைப் பற்றி ஒரு வரி. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி 50 ஆண்டு கடந்த, சேஸியோ பாடியோ எஞ்சினோ கணிசமாக மாற்றப்படாத வண்டிகளைத்தான் விண்டேஜ் என்று பதிய முடியும். டேஷ்போர்டின் அடியில் ஒரு ஹீட்டரை மாட்டுவது அந்த அளவு மாற்றம் ஆகாது. ஆனாலும் புதிய துளை எதையும் போடாமல், இருக்கும் துளைகளிலேயே பொருத்துங்கள். நாளை அசல் ஹீட்டர் கிடைத்தால் மாற்றுவது எளிது. விண்டேஜ் பதிவில் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். தளிக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தப் பதிவு பொருந்தாது.

பதில்: எர்த் மாறிய ஒயர் (ஓசூர்)

மின்சாரப் பக்கத்தை யாரும் தொடவில்லை. நான் வாகன மின்பணியில் காலம் கழித்தவன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

12 வோல்ட் மின்சார ஹீட்டரை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். மைனரின் லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 19 முதல் 22 ஆம்பியர் வரைதான். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர், இக்னிஷனும் பின்விளக்குகளும் வைப்பரும் சேர்ந்து இன்னொரு எட்டு என்று வையுங்கள். பனி பெய்யும் விடியலில் டைனமோவில் மிஞ்சுவது மூன்றரை முதல் ஆறரை ஆம்பியர்தான். மீதி பேட்டரியிலிருந்து போகும். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது டைனமோ ஒன்றுமே தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் கொடுத்துப் பெறுவது 150 வாட் சூடு. முன்கண்ணாடியில் கையகல இடத்தைத் தெளியவைக்கலாம். எஞ்சின் நீர்ச் சூடோ எப்படியும் ரேடியேட்டர் வழியே வீணாகப் போவதுதான். அதை எடுத்துக்கொள்ள விசிறிக்கு மூன்று நான்கு ஆம்பியர் கொடுத்தால் போதும்.

அந்த மூன்று நான்கு ஆம்பியரும் நெருக்கடிதான் என்பதால் விசிறிக்கு இரண்டு வேகம் வையுங்கள். ஏறும்போது வேகமாகவும், ஊருக்குள் நிற்கும்போது மெதுவாகவும் ஓடட்டும். சுவிட்சுக்கு வரும் பழைய ஒயரை நம்பாதீர்கள். துணி சுற்றிய காப்பு விரலால் நெருடினால் பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து புதிய ஒயரே இழுத்துவிடுங்கள். இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் முனையில் இணையுங்கள்.

இன்னொன்று முக்கியம். உங்கள் வண்டி பிறந்தபோது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது. இப்போதும் அப்படியே இருக்கிறதா, இடையில் யாராவது மாற்றினார்களா என்று பேட்டரியைப் பாருங்கள். மாருதி போன்ற புதிய வண்டிகளின் பிளோயர் மோட்டாரில் நிலைக்காந்தம் இருப்பதால் இணைப்பு மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அணில் கூண்டு போன்ற அந்த விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், ஆனால் ஏதோ பெருமூச்சு விடுவது போல வரும். மோட்டார் பழுது என்று நினைத்து வேறு மோட்டார் வாங்கியவர்கள் உண்டு. இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்கள், போதும். மோட்டாரின் உறை பாடியில் நேரடியாக எர்த் ஆகாத வகையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அணைக்கரை வாசி மீண்டும்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாரக்கடைசியில் சொன்னவற்றை வரிசையாகச் செய்து பார்த்தேன்.

இடதுபக்கத் தரைவிரிப்பின் அடி ஈரமாக இருந்தது. எம்சீல் பூசிய அந்தத் தகரத் துண்டின் கீழ் விளிம்பு வழியாகவே மழைநீர் உள்ளே வந்திருக்கிறது. மூன்று நட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, லேத் ஐயா எதிர்பார்த்தபடியே தெர்மோஸ்டாட் இல்லை. வெறும் பள்ளம், அதில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு. டேப்பின் ஸ்டட்கள் ஒடியாமல் வந்துவிட்டன. டேப் மட்டும் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. பேட்டரி இன்னும் பாசிட்டிவ் எர்த்தான்.

அசல் வட்ட ஹீட்டரைத் தேடிக்கொண்டே இருப்பேன். ஆனால் வரும் பனிக்காலத்துக்குள் ஏதாவது ஒன்று வேலை செய்தாக வேண்டும். எனவே மாருதி காயிலைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, வெளிக்காற்று எடுக்கும்படி செய்யலாம் என்று முடிவு. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. திரும்பி வரும் நீரை எங்கே இணைப்பது? வெளிக்காற்றை எஞ்சின் அறையிலிருந்தே எடுத்துக்கொண்டால் அது ஏற்கெனவே சூடாக இருக்குமே, அதில் என்ன குறை?

பதில்: தகடூர் லேத் (தருமபுரி)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் அறையிலிருந்து ஒருபோதும் காற்று எடுக்காதீர்கள். புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கட்டில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு நேரே கேபினுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பின்னிருக்கையில் தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். சைலன்சர் குழாயைச் சுற்றிப் பெட்டி கட்டிச் சூடு எடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் அதையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவிடுங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், முன் கிரில்லின் பின்னாலிருந்து நெளிகுழல் ஒன்றை எஞ்சின் அறையின் ஓரமாகவே கொண்டுவந்து, பழைய துளை ஒன்றின் வழியாகப் பெட்டிக்குள் விடுங்கள். குழலின் வாயில் கம்பிவலை வையுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பூச்சிகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஹோஸும் இந்தக் குழலும் சேர்ந்து மூன்றாகிவிடும் என்றால், ஹோஸ் இரண்டையும் ஒரே துளையில் நீளவட்ட ரப்பர் வைத்து நுழைத்துவிடலாம்.

திரும்பும் நீர் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குப் போக வேண்டும். அதாவது ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்கு. மேல் ஹோஸில் இணைத்தால், தெர்மோஸ்டாட் திறந்த பின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்பதால் ஹீட்டருக்குள் நீர் சரியாக ஓடாது. அசல் வண்டியில் கீழ் ஹோஸின் நடுவே ஒரு உலோக இணைப்பு இருக்கும், அதிலிருந்து கிளைக்குழாய் ஒன்று பிரியும். இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் உள்விட்டத்தை அளந்து அனுப்புங்கள். பித்தளையில் கடைந்து, அரை அங்குலக் கிளைக்குழாயைப் பற்றவைத்த ஒரு டீயை (T வடிவ இணைப்பு) எந்த லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். முனைகளில் ஹோஸ் நழுவாதபடி ஒரு வரம்பு விடச் சொல்லுங்கள். ஹெட்டிலிருந்து வெந்நீர் வரும், காயிலைச் சுற்றும், பம்ப் அதை இழுத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நிலையிலும் இந்தச் சுற்று ஓடும் என்பதால் கிளம்பிய சில நிமிடங்களிலேயே காற்றில் சூடு தெரியும். 1948 முதல் 1953 வரை வந்த 918 சிசி சைடு வால்வு மைனர்களில் பம்பே கிடையாது, நீர் சூட்டினால் தானே ஏறி இறங்கிச் சுற்றும். அந்த வண்டிக்கு ஹீட்டர் வேண்டுமென்றால் பம்பும் சேர்த்தே வைக்க வேண்டும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

காயில் வாங்கும்போது செம்பு–பித்தளைக் காயிலையே கேளுங்கள். அலுமினியக் காயில் ஓட்டையானால் நம் ரேடியேட்டர் கடைகளில் ஈயப் பற்று வைக்க முடியாது. பெட்டிக்குள் அடைக்கும் முன் கடையிலேயே காற்று ஏற்றி நீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டேஷ்போர்டின் அடியில் மாட்டிய பின் ஒழுகினால் வெந்நீர் பக்கத்து இருக்கைக்காரரின் காலில்தான் விழும். காயிலின் மூக்குகள் அரை அங்குல ஹோஸுக்குப் பொருந்தாவிட்டால் அதற்கும் சிறிய அடாப்டர் கடைந்துகொள்ளுங்கள். ஹோஸை இழுத்து நீட்டி மாட்டி, கிளிப்பை இறுக்கிச் சமாளிக்க வேண்டாம். பெட்டியிலிருந்து வெளியேறும் காற்றில் பெரும்பங்கு கண்ணாடிக்குப் போகட்டும். காலுக்கு ஒரு சிறிய மூடி போதும், அதையும் மூடக் கூடியதாக வையுங்கள்.

அந்த டேப்பைச் சரிசெய்ய முயல வேண்டாம். புதியது வரும்வரை டேப் இருந்த இடத்தில் கேஸ்கட்டோடு ஒரு பித்தளை முழங்கையை வைத்து, ஹோஸ் வழியில் அரை அங்குல பித்தளை வால்வு ஒன்றை இணைத்தால் வேலை நடக்கும். கைப்பிடி கை எட்டும் இடத்தில், சூடான மேனிஃபோல்டைத் தொடாமல் இருக்கட்டும்.

நீர் நிரப்பும்போது ஹீட்டர் வால்வை முழுதும் திறந்து வையுங்கள். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹீட்டர் ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். களகளவென்று காற்று வெளியேறி மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்றுங்கள். ஹீட்டருக்கென்று அரை லிட்டருக்குச் சற்று மேல் கூடுதலாகப் பிடிக்கும். போகும் ஹோஸும் திரும்பும் ஹோஸும் இரண்டுமே சூடாக இருந்தால் சுற்று ஓடுகிறது. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் உள்ளே ஏர் லாக் இருக்கிறது அல்லது காயில் அடைபட்டிருக்கிறது.

பதில்: பாகலூர் பயணி (ஓசூர்)

தகரத் துண்டின் அடியிலேயே கசிவு இருந்தது என்று படித்ததும் என் வண்டியின் விரிப்பையும் உரித்துப் பார்த்தேன். லேத் ஐயா, அந்தப் பித்தளை டீயை என் வண்டிக்கும் ஒன்று சேர்த்துக் கடைந்து தர முடியுமா? கீழ் ஹோஸின் அளவை நாளை எடுத்து எழுதுகிறேன்.